வாத்தியார் சம்பளம் யார் பொறுப்பு? கௌதள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கொள்ளேகாலில் பஸ் ஏறி, ஹனூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பக்தர்கள் கௌதள்ளியைக் கடந்துதான் போக வேண்டும். கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் காட்டோர வட்டாரம் அது. பக்கத்து மார்ட்டள்ளிப் பக்கம் போனால் தமிழ்தான் பேச்சு. மாதேஸ்வரன் மலையைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இறங்கினால் தமிழ்நாட்டு எல்லை. அந்த வழி மேட்டூருக்குப் போய்விடும்.

இந்த ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவோடு கும்பினியார் கைக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்து மைசூர் ஜில்லா ஆனது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. அண்மையில் ஹனூரே தனித் தாலுகாவாகிவிட்டது. இருந்தாலும் பழைய பழக்கத்தில் இன்றைக்கும் "நமக்கு மைசூர்ப் பக்கம்" என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜில்லா மாறியபோதெல்லாம் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற கையும் மாறியது. நான் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவன். ஒரு பின்தங்கிய ஊருக்கு நல்ல வாத்தியார் வருவாரா, வந்தால் தங்குவாரா என்பது அந்தச் சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்பதே நான் கண்ட உண்மை. உள்ளூர்ப் பெட்டியை மட்டும் நம்பினால் ஏழை ஊருக்கு ஏழை வாத்தியார்தான் கிடைப்பார். அரசுப் பெட்டி திறந்தால் நிலைமை மாறும். ஆனால் திறக்கிற விதமும் சரியாக இருக்க வேண்டும். இருநூறு வருஷச் சரித்திரம் இதற்குச் சாட்சி.

மன்றோ போட்ட கணக்கு

சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். கோயம்புத்தூர் ஜில்லாவில் 763 பள்ளிகள், 8,206 பிள்ளைகள் என்று கணக்குப் போயிற்று. எல்லாம் திண்ணைப் பள்ளிகள். அவற்றை நடத்தியது சர்க்கார் அல்ல. பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த அணாக்களும், அறுவடைக் காலத்துத் தானியமும், பண்டிகை மரியாதையும்தான் வாத்தியாரின் வருமானம்.

இந்தக் கணக்குகளை வைத்து 1826 மார்ச்சில் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். வாத்தியார்களுக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்பது அதன் சாரம். படிப்பு குறைந்திருப்பதற்குப் பிள்ளைகளையோ பெற்றோரையோ மட்டும் குறை சொல்லாமல், வாத்தியார் கூலியையும் ஒரு காரணமாக எடுத்துச் சொன்ன அரசாங்கக் குறிப்பு அது. இன்றைக்குப் படித்தாலும் அதில் பழைய வாடை அடிக்கவில்லை.

அவர் திட்டம் இது: ஒவ்வொரு ஜில்லாவிலும் மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் கலெக்டரேட் பள்ளி ஆசிரியர்கள், ஒவ்வொரு தாசில்தாரியிலும் மாதம் 9 ரூபாயில் ஒரு ஆசிரியர். 9 ரூபாய் குறைவுதான், ஆனால் பிள்ளைகளிடம் அதே அளவு சம்பளம் வசூலாகும், இரண்டும் சேர்ந்தால் வாத்தியார் நன்றாகவே இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு எங்கே இடறும் என்று பாருங்கள். பிள்ளைகள் அதிகமாகவும் கையில் காசுள்ளவர்களாகவும் இருக்கிற கஸ்பா ஊரில் மீதி 9 ரூபாய் வரும். காட்டோரக் கிராமத்தில் அது எங்கிருந்து வரும்? பாதியைச் சர்க்கார் கொடுத்து மீதியை ஊரின் தலையில் வைத்தால், வசதியுள்ள ஊர்தான் முழுச் சம்பளம் கொடுக்க முடியும். மன்றோ 1827இல் காலராவில் இறந்துபோனார். தாசில்தாரிப் பள்ளிகள் வேர்பிடிக்கவில்லை, 1836இல் மூடப்பட்டன.

மானியம் வந்தது, யாருக்கு?

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் 'கிராண்ட்-இன்-எய்ட்' என்ற சொல்லை நம் நாட்டுக் கல்வியில் நிலைநிறுத்தியது. தனியார், மிஷன், ஊரார் யார் பள்ளி நடத்தினாலும், அவர்களும் பங்கு போட்டால் சர்க்காரும் ஒரு பங்கு கொடுக்கும். சென்னை மாகாணம் அந்தப் பங்கை வாத்தியார் சம்பளத்துக்கான மானியமாகக் கொடுத்தது. பரீட்சை தேறிய, சான்றிதழ் உள்ள வாத்தியார் என்றால் மானியம் கூடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வாத்தியாரை வைக்க முதலில் ஊர்ப்பங்கு வேண்டும். பங்கு உள்ள இடத்துக்குத்தான் மானியம் போகும். இருப்பவனுக்கே மேலும் கொடுக்கிற ஏற்பாடாக அது முடிந்தது.

1868 முதல் சிறு பள்ளிகளுக்கு இன்னொரு முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். தேறிய பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று மானியம். 'ரிசல்ட் கிராண்ட்' என்று பெயர். வாத்தியாரின் வருஷ வருமானம் ஒரே ஒரு நாள் பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மை வார்த்துப் பிள்ளைகள் வராவிட்டால் போச்சு. 1876–78 பெரும் பஞ்சம் போன்ற காலத்தில் ஊரே பிழைப்புத் தேடிப் போய்விட்டால், மானியமும் அவர்களோடு போய்விடும். எந்த ஊருக்கு உதவி மிகவும் தேவையோ அந்த ஊருக்கு, அந்த வருஷத்தில், உதவி நிற்கும். 1906இல்தான் சென்னை மாகாணத்தில் இந்த முறை ஒழிந்தது.

ஜில்லா போர்டு வாத்தியார்

இதற்கிடையே உள்ளூர் அமைப்புகள் வந்தன. 1871 சட்டம், நிலத்தீர்வையில் ரூபாய்க்கு ஒரு அணா வரை செஸ் வரி போட்டு ரோடுக்கும் பள்ளிக்கும் செலவிட அனுமதித்தது. 1884 சட்டத்தின் கீழ் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. 1920ஆம் வருஷத்துச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் ஜில்லாக் கல்விக் கவுன்சில்களை ஏற்படுத்தி, கல்விக்கென்று தனி வரி போடவும் வழி செய்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் நிலத்தீர்வையில் இருக்கிறது. காவேரிப் பாசன நஞ்சைக்குத் தீர்வை அதிகம், ஆகவே செஸ்ஸும் அதிகம். மழையை நம்பிய புஞ்சைக்குத் தீர்வை குறைவு, செஸ்ஸும் குறைவு. காட்டிலாகா நிலத்துக்கோ குடியானவர் தீர்வையே கிடையாது. ஆக, ஒரே சட்டம், ஒரே அணாக் கணக்கு. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் சேருகிற பெட்டி வேறு, ராகியும் சோளமும் விளைகிற மலையடிவாரத்தில் சேருகிற பெட்டி வேறு. சட்டத்தில் பாரபட்சம் இல்லை. மண்ணில் இருந்த வித்தியாசம் வாத்தியார் சம்பளத்தில் போய் விழுந்தது.

அதிலும் மூன்று படி இருந்தது. சர்க்கார் பள்ளி வாத்தியார் மேல்படி. போர்டு ஸ்கூல் வாத்தியார் நடுப்படி. 'எய்டட் ஸ்கூல்' வாத்தியார் கீழ்ப்படி. மூவரும் சொல்லிக்கொடுத்தது அதே அரிச்சுவடி, அதே பெருக்கல் வாய்ப்பாடுதான்.

என் தாத்தா 1940களில் கீழ்ப்படியில் இருந்தவர். அந்தப் பள்ளி மேனேஜர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு தொகைக்குக் கையெழுத்து, கைக்கு வருவது அதைவிடக் குறைந்த தொகை. "கையெழுத்துக்கு ஒரு சம்பளம், கஞ்சிக்கு ஒரு சம்பளம்" என்று பாட்டி சொல்லிக்காட்டுவார். இப்படி எத்தனையோ வீடுகளில் கதை உண்டு. மானியத்தை நேராக வாத்தியார் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் விடாமல் போராடியதன் பின்னணி இதுதான். பணம் அனுப்பினால் மட்டும் போதாது. அது யார் கை வழியாகப் போகிறது என்பதும் முக்கியம்.

1944இல் வெளியான சார்ஜெண்ட் அறிக்கை, ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 30 ரூபாயில் தொடங்கும் சம்பளத்தைச் சிபாரிசு செய்தது. நாடு முழுவதற்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு கோடு கிழிக்க முயன்றது என்பதே அதன் பெருமை. கோடு கிழித்தார்கள்; பணம் ஒதுக்குவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது.

1956: ஒரே தாலுகா, இரண்டு முறைகள்

சுதந்திரம் வந்தபின்னும் பணமுடை தீரவில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த, 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்த அரைநேரப் பள்ளித் திட்டத்துக்குப் பள்ளியும் ஆசிரியரும் போதாமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். 1955இல் அவர் அரசு எய்டட் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு என்ற மூன்று நன்மைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ராஜ்யம் இதில் நாட்டுக்கே முன்னோடி. பென்ஷன் என்பது அதுவரை சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுச் சொல்லாக இருந்தது.

அடுத்த வருஷமே ராஜ்யங்கள் சீரமைப்புச் சட்டப்படி கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போயிற்று. அங்கே பழக்கம் வேறு. பழைய மைசூர் சமஸ்தானம் 1930இல் ஆரம்பக் கல்வியை உள்ளூர்க் கல்வி அதிகாரக் குழுக்களிடம் ஒப்படைத்துப் பார்த்தது. குழுக்களால் பணம் திரட்ட முடியவில்லை. 1941இல் சட்டம் போட்டு அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆக, சென்னைப் பக்கம் போர்டும் எய்டும். மைசூர்ப் பக்கம் நேரடிச் சர்க்கார். நம்ம கொள்ளேகால் தாலுகா ஒரே இரவில் முதல் முறையிலிருந்து இரண்டாவது முறையின் எல்லைக்குள் வந்தது.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. ராஜ்யம் மாறிய அரசு ஊழியரின் பணி நிபந்தனைகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 115ஆம் பிரிவு பாதுகாப்புத் தந்தது. அது மாநில அரசுப் பணியாளர்களைக் குறித்த பிரிவு. போர்டு வாத்தியாரும் எய்டட் வாத்தியாரும் மாநில அரசுப் பணியாளர் அல்லர். சம்பளம் கொடுக்கிறவர் யார் என்ற கேள்வி வெறும் கணக்குக் கேள்வி அல்ல, அது உரிமைக் கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தும் மாநிலங்களுக்குக் கூடுதல் செலவில் பாதியைத் தர மத்திய அரசு முன்வந்தது. 1964–66 கோத்தாரி கமிஷன் இன்னும் ஒரு படி மேலே போய், சர்க்கார், உள்ளாட்சி, தனியார் என்று எந்த நிர்வாகத்தில் வேலை செய்தாலும் ஒரே தகுதிக்கு ஒரே சம்பளம் என்றது. தாத்தா காலத்து மூன்று படிகளையும் ஒன்றாக்கச் சொன்ன சிபாரிசு அது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1981 ஜூன் 1 முதல் பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள்.

சம சம்பளம், சமமில்லாத ஊர்

கர்நாடகத்தில் 1987இல் ஜில்லா பரிஷத்துகள் வந்தன. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வர், அப்துல் நசீர் சாப் அமைச்சர். பள்ளி நிர்வாகம் உள்ளூர்ப் பிரதிநிதிகள் கைக்கு வந்தது; சம்பளப் பணம் மட்டும் மாநில அரசிடமிருந்து மானியமாக வந்தது. வாத்தியார் பள்ளிக்கு வருகிறாரா என்று கேட்க உள்ளூரில் ஆள் இருந்தது; ஆனால் அவர் சம்பளம் ஊரின் ஏழ்மையைப் பொறுத்து இறங்கவில்லை. பள்ளிகளில் ஆசிரியர் வருகை முன்னேறியதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மேற்பார்வை உள்ளூரில், பணம் மாநிலத்தில் என்ற இந்தப் பொருத்தத்தைத் தேடித்தான் நாம் மன்றோ காலத்திலிருந்து நடந்திருக்கிறோம்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்றைக்குப் பெங்களூரில் இருக்கிற ஆசிரியருக்கும் கௌதள்ளிப் பக்கத்து ஆசிரியருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். ஆனால் வீட்டு வாடகைப்படி ஊரின் அளவைப் பொறுத்தது. மாநில 7ஆவது ஊதியக் குழுவின் சிபாரிசு 2024 ஆகஸ்டில் அமலானபோது அது 20, 15, 7.5 சதவீதம் என்று மூன்று வகையானது. அடிப்படை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெருநகரத்தில் வாடகைப்படி 6,000 ரூபாய். சிற்றூரில் 2,250 ரூபாய். நகரத்து வாடகை அதிகம் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் டவுனிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் காட்டோரப் பள்ளிக்கு வருகிற வாத்தியாரின் கணக்கில், தொலைவில் வேலை பார்ப்பதற்குக் கிடைக்கிற பரிசு குறைந்த சம்பளம் என்றுதான் தெரியும். இடமாற்றத்துக்காக 2007ஆம் வருஷத்துச் சட்டம் பள்ளிகளை ஏ, பி, சி என்று வலயம் பிரித்தது. சி என்பது தொலைவான ஊர்கள். வாத்தியாரை அங்கே அனுப்பச் சட்டம் உண்டு. அங்கே விரும்பித் தங்க வைக்கக் காசு இல்லை. காலியான இடங்களை 'அதிதி சிக்ஷகர்' என்ற கௌரவ ஆசிரியர்களை வைத்து நிரப்புகிறார்கள். ஒரே பள்ளியில், ஒரே வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு விதச் சம்பளம். பழைய படிகள் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கின்றன.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கட்டத்தில் தாய்மொழிக் கல்வி வசதி தரச் சொல்கிறது. 1956இல், மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்தபோதே சேர்த்த பிரிவு அது. பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு 1949இலேயே கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளை எண்ணுவது சுலபம். ஆசிரியர் இடத்தை நிரப்பி, மாதாமாதம் சம்பளம் போட்டு, அவர் ஓய்வு பெற்றால் அடுத்தவரைப் போடுவதுதான் கஷ்டம். சம்பளம் இல்லாத உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பள்ளி மாவட்டங்கள் உள்ளூரில் திரட்டுகிற வருமானத்தில் பெரும்பங்கு வீட்டுவரி, சொத்துவரி. நல்ல பள்ளி மாவட்டம் பார்த்து வீடு வாங்குகிறோம் என்று நம்மவர்கள் பேசுவது இதனால்தான். பணக்கார மாவட்டம் அதிகச் சம்பளம் காட்டிப் பக்கத்து ஏழை மாவட்டத்தின் ஆசிரியரை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் நஞ்சை, புஞ்சைக் கதையேதான். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971இல் செரானோ வழக்கில், பிள்ளையின் படிப்பு அந்த வட்டாரத்தின் சொத்து மதிப்பைப் பொறுத்து அமைவது தவறு என்றது. 2023இல் ஆர்கன்சாஸ் மாநிலம் ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 36,000 டாலரிலிருந்து 50,000 டாலராக உயர்த்தி, அதற்கு மாநில நிதியும் ஒதுக்கியது. பணம் கொழிக்கும் நாட்டிலும் மாநிலப் பெட்டி திறக்காமல் ஏழை ஊருக்கு வாத்தியார் வரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சரித்திரம் மூன்று பாடம் சொல்கிறது. ஒன்று, பாதிச் சம்பளம் கொடுத்து மீதியை ஊரிடம் வாங்கிக்கொள் என்றால் ஏழை ஊர் தோற்கும். இரண்டு, பணம் நேராக வாத்தியார் கைக்குப் போக வேண்டும். கண்காணிப்பு மட்டும் உள்ளூரில் இருக்க வேண்டும். மூன்று, தொலைவான ஊருக்குச் சம சம்பளம் போதாது, சற்றுக் கூடுதல் வேண்டும்.

தமிழ்ப் பள்ளிகளுக்காக அரசிடம் மனுக் கொடுக்கும்போது நாம் பெரும்பாலும் கட்டடம் கேட்கிறோம், பாடப்புத்தகம் கேட்கிறோம். ஆசிரியர் பணியிடத்தையும் அதற்கான நிரந்தரச் சம்பளத் தலைப்பையும் முதல் வரியில் கேட்க வேண்டும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. சம்பளத்துக்கு அதெல்லாம் கிடையாது. அதனால்தான் அதை யாரும் கேட்பதில்லை.

நம் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஒரு தொகை, வகுப்பெடுக்கிற அக்காவுக்கு ஒரு பொன்னாடை என்று இருந்தால், அந்த அக்கா எத்தனை வருஷம் வருவார்? "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று வாத்தியாரிடம் மட்டும் சொல்வது நம் பழைய வழக்கம். சேவை மனப்பான்மை அவருக்கு நிறையவே உண்டு. பஸ் கட்டணமும் மளிகைக் கடனும் அவருக்கும் உண்டு.

6 ரூபாய்க்கும் 7 ரூபாய்க்கும் தகுதியுள்ளவர் வரமாட்டார் என்று 1826இல் ஒரு கவர்னர் எழுதிவைத்தார். தொகைகள் மாறிவிட்டன. வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சங்கம் போடும்போது, முதல் செலவாக ஆசிரியர் ஊதியத்தை எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதினால், அந்தக் குறிப்புக்கு நம் பங்கில் ஒரு பதில் சொன்னவர்களாவோம்.